முதியோர் இல்லத்தில் படுக்கைப்புண்: கவனிப்பு தவறும்போது குடும்பத்தார் செய்ய வேண்டியது, வரிசைப்படி

என் அம்மா கடைசி 14 மாதங்கள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வாரம் மூன்று முறை போவேன். கையைப் பிடித்துக்கொண்டு பேசுவேன், தலை வாரிவிடுவேன், போர்வையை இழுத்து மூடிவிட்டு வருவேன். அந்தப் போர்வைக்கு அடியில், இடது குதிகாலில், ஒரு புண் வளர்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்த அன்று என் கட்டைவிரல் உள்ளே போகும் அளவுக்கு ஆழமாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு உறவிலும் பழக்கத்திலும் பல குடும்பங்களோடு கூடப் போயிருக்கிறேன். புதிதாக இதில் மாட்டுகிறவர்கள் தவறும் இடம் பெரும்பாலும் இரண்டுதான். தோலைப் பார்க்காமலேயே “நல்லா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். புண் தெரிந்த அன்று எதையும் எழுதி வைக்காமல் சண்டை போடுகிறார்கள். சண்டை இரண்டு நாளில் ஆறிவிடும், புண் ஆறாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பார்ப்பது, பிறகு அளந்து எழுதுவது, பிறகு கேட்பது, அப்புறம்தான் புகார்.

தொடங்கும் முன் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடுவதால் வரும் புண் இது. அழுத்தத்தை எடுக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த மருந்து போட்டாலும் ஆறாது. “எந்த ஆயின்மென்ட் நல்லது?” என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, “எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்?” என்பதுதான்.

1. கையோடு கொண்டுபோக வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, சின்ன டார்ச், காகிதத்தில் செய்த அளவுப்பட்டை, கேமரா உள்ள போன். இவை போதும். உலோக அளவுகோல் வேண்டாம், புண்ணில் பட்டால் ஆபத்து.

இதைவிட முக்கியமானது, மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை குடும்பத்தில் யார் பெயரில் இருக்கிறது என்பது. இல்லத்தின் கோப்பில் யாரைப் பொறுப்பாளராக எழுதியிருக்கிறார்களோ அவரிடம்தான் பேசுவார்கள். அது வெளியூரில் இருக்கும் அண்ணன் என்றால், அவரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது படியிலேயே “உங்களுக்குக் காட்ட முடியாது” என்று நிறுத்திவிடுவார்கள்.

நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். பகல் 11 மணிக்கு எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடுமுறை நாளில், விடிகாலையில் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

2. ஆபத்து மதிப்பெண் என்ன என்று கேளுங்கள்

படுக்கைப்புண் வரும் வாய்ப்பு யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட மதிப்பீட்டு முறைகள் உண்டு. அதிகம் பயன்படுவது பிரேடன் அளவீடு. உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், உணவு, உரசல் என்று ஆறு விஷயங்களைப் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவார்கள். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்தில் இருப்பவர் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள்.

கேட்க வேண்டியவை மூன்று: மதிப்பெண் எவ்வளவு, கடைசியாக என்று போட்டார்கள், அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். 12 என்று எழுதி வைத்துவிட்டு, எந்த ஏற்பாடும் செய்யாமல் விட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து என்று தெரிந்தும் விட்டது, தெரியாமல் விட்டதைவிடக் கனமான குற்றம். அந்தத் தாள்தான் அதற்குச் சாட்சி.

3. தோலை உங்கள் கண்ணால் பாருங்கள்

கூச்சம் இங்கேதான் வரும். அப்பாவின் இடுப்புக்குக் கீழே மகள் எப்படிப் பார்ப்பது, மாமியாருடையதை மருமகன் எப்படிப் பார்ப்பது என்று தயங்கித் தயங்கி நாட்கள் போய்விடும். முதலில் அவரிடமே அனுமதி கேளுங்கள். குடும்பத்தில் யார் பார்த்தால் அவருக்குச் சங்கடம் குறைவோ அவரே பார்க்கட்டும். நர்ஸ் உடன் இருக்கும்போது பார்ப்பது நல்லது. “சிஸ்டர், அம்மாவைக் குளிப்பாட்டும்போதோ டயப்பர் மாற்றும்போதோ நானும் கூட இருக்கேன், முதுகைப் பார்க்கணும்” என்று சொன்னால் போதும். யாரும் மறுக்கத் தேவையில்லாத வேண்டுகோள் அது. மறுத்தால் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

மல்லாந்து படுப்பவருக்கு வால் எலும்பும் குதிகாலும்தான் முதலில் அடிபடும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பு எலும்பின் பக்கவாட்டு, கணுக்கால், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கம். வீல்சேரில் உட்கார்ந்தே இருப்பவருக்குப் பிட்டத்து எலும்பு. இவை தவிர தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்மண்டை. பலரும் மறப்பது குழாய்களின் அடியை: ஆக்சிஜன் குழாய் மாட்டிய காதுமடலின் பின்புறம், மூக்கு, சிறுநீர்க் குழாய் தொடையில் அழுத்தும் இடம். சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். என் அம்மா விஷயத்தில் புண்ணை மறைத்தது ஒரு ஜோடி வெள்ளைச் சாக்ஸ்தான். குளிருமே என்று நானே வாங்கிக் கொடுத்தது.

சிவந்த இடம் தெரிந்தால் விரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, அந்தப் பக்கம் படுக்காமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடலாம். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது.

நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் இந்தச் சோதனை ஏமாற்றும். சிவப்பே தெரியாது. பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கருத்தோ ஊதா சாயலாகவோ இருக்கிறதா, புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, தொட்டால் கல் மாதிரியோ களிமண் மாதிரியோ இருக்கிறதா, வலியில் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். “சிவக்கவில்லையே” என்று விட்டுவிடுவதால், கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் புண் பெரும்பாலும் தோல் உரிந்த பிறகே கண்ணில் படுகிறது.

சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பாசத்தில் எல்லோரும் செய்வது இது. ஏற்கெனவே நசுங்கிய சதை, தேய்த்தால் இன்னும் கிழியும்.

4. எந்த நிலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் நிலையில் தோல் கிழியாமல், அழுத்தினாலும் மாறாத நிறத்தோடு இருக்கும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருக்கும். மூன்றாம் நிலையில் குழி விழுந்து உள்ளே கொழுப்பு தெரியும். நான்காம் நிலையில் தசை, தசைநார் அல்லது எலும்பு வரை போயிருக்கும். கறுப்புப் பொருக்கோ மஞ்சள் படலமோ அடியை மூடியிருந்தால் ஆழம் தெரியாது, அதை நிலை சொல்ல முடியாத புண் என்று எழுதுவார்கள். “மேலே காய்ந்துவிட்டது, ஆறுகிறது” என்று யாராவது அதைக் காட்டினால் நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு வகையில் தோல் கிழியாமல் ஊதா நிறத்தில் கன்றியிருக்கும். அடியில் சதை ஏற்கெனவே செத்திருக்கலாம். இது அழுத்தம் நேர்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மேலே தெரியும். திங்கட்கிழமை தெரிந்த புண்ணுக்குக் காரணம் வெள்ளிக்கிழமை இரவாக இருக்கலாம். எனவே எந்த நாளில் யார் பொறுப்பில் இருந்தார் என்பது தேதியோடு உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

டயப்பர் ஈரத்தில் வரும் எரிச்சலையும் இதையும் குழப்பிக்கொள்வது சகஜம். ஈரத்தால் வருவது பரவலாக, ஓரம் தெளிவில்லாமல், மடிப்புகளில் இருக்கும். அழுத்தத்தால் வருவது எலும்பு மேட்டின்மேல், ஓரளவு தெளிவான எல்லையோடு இருக்கும். “வெறும் டயப்பர் ராஷ்” என்ற பதிலை வால் எலும்பின் நேர்மேலே உள்ள புண்ணுக்கு ஏற்காதீர்கள், டாக்டரையோ காய நர்ஸையோ பார்க்கச் சொல்லுங்கள்.

5. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சுற்றிலும் சிவப்பு பரவுவது, சீழ், திடீரென்று வரும் துர்நாற்றம், காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப்போவது, மூச்சு வேகம், புதிதாக வந்த குழப்பம் அல்லது எழுப்பினாலும் எழாத தூக்கம், புண்ணுக்குள் எலும்பு தெரிவது. இதில் எது இருந்தாலும் அடுத்த படிகளுக்குப் போக வேண்டாம். அன்றே, அந்த நேரமே டாக்டர் பார்க்க வேண்டும். இல்லத்தில் டாக்டர் நாளைதான் வருவார் என்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டால் வயதானவர்கள் சில மணி நேரத்தில் கவலைக்கிடமாகிவிடுவார்கள். காய்ச்சலே இல்லாமலும் அது நடக்கும், அதனால் குழப்பத்தை “வயசாயிடுச்சு” என்று ஒதுக்காதீர்கள்.

6. அளந்து, தேதி போட்டு எழுதுங்கள்

நீளம், அகலம் இரண்டையும் செ.மீ.யில், எப்போதும் ஒரே திசையில் அளக்க வேண்டும்: தலையிலிருந்து கால் நோக்கி நீளம், குறுக்கே அகலம். ஆழத்தை நீங்கள் அளக்காதீர்கள், நர்ஸ் அளந்ததைக் கேட்டு எழுதுங்கள். நிறம், கசிவு, வாடை, வலி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

படம் எடுக்கும்போது புண்ணுக்குப் பக்கத்தில், தோலைத் தொடாமல், அளவுப்பட்டையும் தேதி எழுதிய காகிதமும் தெரியட்டும். முகம் வேண்டாம். அவரின் சம்மதமோ பொறுப்பாளரின் சம்மதமோ இருக்கட்டும். குடும்பக் குழுவில் பகிராதீர்கள். அது அவர் உடம்பு.

வாரம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். தினமும் பார்த்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் கொஞ்சமும் சுருங்கவில்லை என்றால் இப்போதைய சிகிச்சையை மறுபடி ஆராய வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த இரண்டு வாரத்தை நிரூபிக்க உங்களிடம் எண்கள் வேண்டும்.

நான்காம் நிலைப் புண் ஆறும்போது மூன்றாம் நிலை ஆகாது. “ஆறிவரும் நான்காம் நிலை” என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் உள்ளே நிரம்புவது இழந்த தசை இல்லை, வலுக்குறைந்த தழும்புத் திசு. குறிப்பேட்டில் நிலை எண் இறங்கிக்கொண்டே வந்தால் காரணம் கேளுங்கள்.

7. திருப்பிப் படுக்க வைப்பது உண்மையில் நடக்கிறதா?

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். தானாக அசைய முடியாதவரைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவது பொதுவான பழக்கம். மெத்தை, தோலின் நிலை, ஆளின் உடல் ஆகியவற்றைப் பொறுத்து நேரம் மாறலாம், ஆனால் அது அவருக்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் என்றால் மணிக்கு ஒரு முறையாவது நிலை மாற்ற வேண்டும். தானே அசையக் கூடியவர் கால் மணிக்கு ஒரு முறை எடையை மாற்றிக்கொள்ள நினைவூட்ட வேண்டும்.

பெரும்பாலான இல்லங்களில் படுக்கையருகே ஒரு தாள் தொங்கும். மணி, எந்தப் பக்கம், யார் செய்தார் என்று கையெழுத்து. ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு நான் அம்மாவின் தாளைப் பார்த்தேன். ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் கையெழுத்து விழுந்திருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. அம்மா மதியத்திலிருந்து மல்லாந்தே படுத்திருந்தார்.

அந்த உதவியாளரிடம் நான் கத்தவில்லை. அந்த ஷிஃப்டில் அவர் ஒருவர்தான் அந்த வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் படம் எடுத்தேன், என் கைக்கடிகாரமும் தெரியும்படி. மறுநாள் நிர்வாகியிடம் நான் கேட்டது அவரைப் பற்றியதல்ல, அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பதுதான். அலட்சியம் பெரும்பாலும் ஆட்கள் போதாமையில் தொடங்குகிறது. கீழே இருப்பவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, “நடவடிக்கை எடுத்துவிட்டோம்” என்று முடித்துக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள்.

நீங்களே சோதிக்க ஒரு வழி: போனதும் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் அருகிலேயே உட்கார்ந்திருங்கள். யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். நாமே திருப்பிவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் ஏற்கெனவே புண் இருப்பவரை அப்படிக் கிடத்தி வைத்துச் சோதிக்கக் கூடாது. அவரைத் திருப்ப வேண்டிய நேரம் தாண்டியதும் மணியை எழுதிக்கொண்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

திருப்பும் விதத்தையும் கவனியுங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பின்மேல் எடை இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னே தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வைப்பதே நல்லது. மேலே நகர்த்தும்போது இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்க வேண்டும். கக்கத்தில் கை கொடுத்து இழுத்தால் மேல்தோல் மெத்தையோடு ஒட்டிக்கொள்ள, உள்சதை மட்டும் நகர்ந்து உள்ளேயே கிழியும்.

8. மெத்தையும் தலையணையும்

ஏர் பெட் போட்டுவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்பது மிகப் பரவலான தவறு. அது உதவிதான், மாற்று இல்லை. மோட்டார் ஓடுகிறதா, ஆளின் எடைக்கு ஏற்ப அழுத்தம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காற்று போதுமா என்று அறிய, மெத்தைக்கு அடியில், வால் எலும்புக்கு நேராக, உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். உடம்புக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது நசுங்காத காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அந்த மெத்தை இருந்தும் பயனில்லை. அதன்மேல் ரப்பர் ஷீட், மடித்த துணி, இரண்டு டயப்பர் என்று அடுக்கினாலும் பயன் போய்விடும்.

குதிகால் மெத்தையில் படவே கூடாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்காமல் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, பாதம் அந்தரத்தில் இருக்கும்படி செய்ய வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், அது சுற்றியுள்ள இடத்தை நெரித்து ரத்தத்தைத் தடுக்கும்.

சாப்பிடும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், சாப்பிட்ட பிறகும் சற்று நேரம். மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஆள் கீழே சரிந்து வால் எலும்பு உரசும். குழாய் வழி உணவு என்றால் மட்டும் டாக்டர் சொன்ன உயரமே சரி.

9. ஈரமும் உணவும்

டயப்பரை மணிக்கணக்கு வைத்து மாற்றுவது போதாது, நனைந்தால் மாற்ற வேண்டும். மென்மையாகத் துடைத்து, தடுப்புக் களிம்பு போட வேண்டும்.

உணவுத் தட்டு வந்ததா என்று கேட்காதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று கேளுங்கள். படுக்கைப்புண் இருப்பவருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது பொதுவான இலக்கு. 50 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 62 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும், டாக்டரைக் கேட்காமல் புரத மாவு வாங்கிக் கொடுக்காதீர்கள். மாத எடையைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

10. கட்டு மாற்றும்போது கூட இருங்கள்

என்ன வகைக் கட்டு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, யார் எழுதிக் கொடுத்தார், வலிக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தார்களா என்று கேளுங்கள். கட்டின்மேல் தேதி எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தேதியே பேசும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுவதும், காற்றாடட்டும் என்று திறந்து போடுவதும் வேண்டாம். நுரை பொங்கும்போது சுத்தமாவது போலத் தோன்றும், புதிதாக வளரும் திசுவும் சேர்ந்து சாகும். சலைனில் கழுவி, ஈரப்பதம் காக்கும் கட்டுப் போடுவதே வழக்கம். வீட்டு மருந்து எதையும் நீங்களாகப் பூசாதீர்கள். புண் மோசமானால் பழி உங்கள்மேல் திரும்பும் என்பது ஒரு பக்கம், அவருக்கு வலிக்கும் என்பதே பெரியது. குதிகாலில் காய்ந்து இறுகிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்போ கசிவோ இல்லாமல் இருந்தால், அதைப் பிய்க்காமல் விட்டுவைப்பார்கள். அதைக் கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

11. பேசும் வரிசை

முதலில் அந்த ஷிஃப்டின் பொறுப்பு நர்ஸ். பிறகு நர்ஸிங் தலைவர், டாக்டர், நிர்வாகி மூவரும் இருக்கும் கூட்டம். கூட்டத்தில் ஐந்தைக் கேட்டு வாங்குங்கள்: திருப்பும் நேர அட்டவணை, மெத்தை, உணவுத் திட்டம், காயச் சிகிச்சைத் திட்டம், அடுத்த மதிப்பீட்டின் தேதி. முடிந்த அன்றே, பேசியதை எல்லாம் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போய்விடும்.

குறித்த நாளுக்குள் மாற்றம் இல்லையென்றால் இல்லங்களுக்கு உரிமம் கொடுக்கும் அரசுத் துறைக்கு எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். தேதி, அளவு, படம், யாரிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒரு பக்கத்தில் அடுக்குங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலை அதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாப் படுக்கைப்புண்ணும் அலட்சியத்தால் வருவதில்லை. உயிர் பிரியும் தறுவாயில் மற்ற உறுப்புகளைப் போலத் தோலும் செயலிழக்கும், எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குப் புண் வரும். எனவே “ஏன் வந்தது?” என்பதைவிட “ஆபத்தைக் கணித்தீர்களா, ஏற்பாடு செய்தீர்களா, செய்ததைச் சரிபார்த்தீர்களா, பலிக்காதபோது மாற்றினீர்களா?” என்பதே பலமான கேள்வி. நான்கில் எதற்குப் பதில் இல்லையோ அங்கேதான் தவறு இருக்கிறது.

12. இடம் மாற்றும்போது

மருத்துவமனைக்கோ வேறு இல்லத்துக்கோ போகிற அன்று, கிளம்பும் முன் ஒரு முறை, போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை, முழுத் தோலையும் நர்ஸோடு பார்த்து இரு இடத்திலும் எழுத வைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் “அங்கேயே இருந்தது” என்று புதிய இடத்தாரும் “இங்கிருந்து போகும்போது இல்லை” என்று பழைய இடத்தாரும் சொல்வார்கள், நடுவே சிகிச்சை நின்றுபோகும். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலும் அவசரப் பிரிவுக் கட்டிலிலும் மணிக்கணக்கில் கிடக்கும் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் வைக்க ஒரு தலையணையை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.